ஹோட்டல் அரங்கை விட்டு மாட வீதிக்கு வாருங்கள்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் மோசடித் தடுப்பு வேலை பார்க்கிற வங்கி அலுவலர்களுக்கும், தணிக்கையாளர்களுக்கும், காப்பீட்டு விசாரணையாளர்களுக்கும், சைபர் கிரைம் காவலர்களுக்கும்,



நீங்கள் யாருடைய பணத்தைக் காக்கிறீர்களோ, அவர்கள் பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். எங்கள் தெருவில் பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டுக்குள் வயதான இரண்டு பேர், ஒரு ஸ்மார்ட்போன், வங்கியில் எஃப்டி. மோசடிக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, சைபர் மோசடியில் இந்தியர்கள் 2023-ல் இழந்தது சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-ல் 22,845 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. இதே காலத்தில் உங்கள் துறையில் சான்றிதழ்களும் கருத்தரங்குகளும் பெருகத்தான் செய்தன. ஆகவே உங்களைக் கொஞ்சம் உரிமையோடு கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

உங்களில் சிலர் எனக்கு நண்பர்கள், சிலர் உறவுக்காரர்கள். உங்கள் பயிற்சி எப்படி நடக்கிறது என்று அவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். நட்சத்திர ஹோட்டல், கழுத்தில் அடையாள அட்டை, மென்பொருள் விற்கிற கம்பெனியின் பணத்தில் மதியச் சாப்பாடு. மேடையில் நாலு பேர் உட்கார்ந்து செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவார்கள். கீழே இருப்பவர்கள் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வார்கள். மாலையில் லிங்க்ட்இன்னில் குரூப் போட்டோ. சர்வதேசச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு வருஷத்துக்கு 20 மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம் என்பதால், அதில் ஆறு மணி நேரம் கணக்கில் ஏறிவிடும். இதில் தப்பொன்றும் இல்லை. யாருக்கும் ஒரு நாள் ஏசி அறையில் உட்கார ஆசை வரும். எனக்குள்ள குறை, அந்த அறையில் யார் இல்லை என்பதுதான். கவுண்ட்டரில் உட்கார்கிற பெண் இல்லை. நிதி நிறுவனத்தில் ரசீது எழுதுகிறவர் இல்லை. தபால் ஆபீஸ்காரர் இல்லை. ஏமாந்தவர் நிச்சயமாக இல்லை. பேச்சும் முழுக்க ஆங்கிலத்தில். மோசடியோ எங்கள் வீட்டுக்குத் தமிழில் வருகிறது.

ஒரு விஷயத்தை உங்களுக்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. உங்கள் எல்லாப் பாடத்திட்டத்திலும் முதல் வகுப்பிலேயே ஒரு முக்கோணம் வரும்: அழுத்தம், வாய்ப்பு, மனசுக்குள் சொல்லிக்கொள்ளும் நியாயம். அதன் வேர் டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு. அந்த மனிதர் அதை எப்படிக் கண்டுபிடித்தார்? சிறைகளுக்குப் போனார். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிவிட்டு உள்ளே இருந்தவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டார். உங்கள் துறையின் அடிப்படைப் பாடமே ஒருவர் இன்னொருவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதால் கிடைத்தது. இப்போது அந்த முக்கோணத்தைப் பவர்பாயிண்ட்டில் காட்டுகிறீர்கள். யார் பேச்சைக் கேட்கிறீர்கள்?

உங்கள் சங்கத்தின் புள்ளிவிவரமும் இதையேதான் சொல்கிறது. சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நிறுவனங்களுக்குள் நடக்கும் மோசடிகளில் 43 சதவீதம் வெளியே வந்தது யாரோ ஒருவர் துப்புச் சொன்னதால். உள்தணிக்கை உட்பட மற்ற எந்த வழியும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. துப்புச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். அடுத்த இடத்தில் வாடிக்கையாளர்கள். ஆக, கவுண்ட்டருக்கு உள்ளே இருப்பவரும் வெளியே வரிசையில் நிற்பவரும்தான் உங்களுடைய பெரிய கருவி. அந்த இரண்டு பேருக்கும் உங்கள் பயிற்சியில் நாற்காலி போடவில்லை.

கவுண்ட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். டிஜிட்டல் கைது என்கிற நாடகத்தில் எல்லாமே போனில் நடக்கிறது: கூரியரில் போதைப்பொருள் என்பான், சிபிஐ என்பான், வீடியோவில் போலீஸ் உடுப்பு, போலி நீதிமன்றம். ஆனால் பெரிய தொகை கைமாறுவது பல சமயம் வங்கிக் கிளையில். எழுபது வயதுக்காரர் எஃப்டியை முதிர்வுக்கு முன்பே உடைக்க வேண்டும், ஆர்டிஜிஎஸ் படிவம் நிரப்ப வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கால் மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு. அதற்குள் எதிராளி அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். "என்ன சார், இவ்வளவு பெரிய தொகை?" என்று கேட்டால் "ஃபிளாட் வாங்கறேன்" என்பார். "பையனுக்கு அவசரமா வேணும்மா" என்பார். சட்டைப் பையில் போன் துண்டிக்கப்படாமல் இருக்கும். அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

2024 நவம்பரில் ஐதராபாத்தில் ஒரு எஸ்பிஐ கிளையில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயதான வாடிக்கையாளர் ஒருவர் வைப்புத் தொகையை உடைக்க வந்தார். சொத்து வாங்கப் போவதாகச் சொன்னார். ஊழியருக்குச் சந்தேகம் தட்டியது. மேலாளரிடம் சொன்னார். வீட்டாரோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மறுபடி வந்தபோதும் பணத்தை அனுப்பாமல் நிறுத்தி, 1930 உதவி எண்ணைத் தொடர்புகொள்ள வைத்தார்கள். 13 லட்சம் ரூபாய் தப்பியது. பெரிய மென்பொருள் எதுவும் இதைச் செய்யவில்லை. ஓர் ஊழியருக்கு உறுத்தியது, அவருடைய மேலாளர் அதை மதித்தார்.

இப்போது அதே ஊழியர் லஸ் கார்னரில் ஒரு கிளையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு உறுத்துகிறது. என்ன கேட்பது? "ஏன்?" என்று கேட்டால் பொய் தயாராக இருக்கிறது. "இப்ப யாராவது போன்ல இருக்காங்களா?" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினால்? "வீட்டுல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்களா?" என்று எழுதினால்? இந்த மாதிரிக் கேள்விகளில் எது வாயைத் திறக்க வைக்கிறது, எது ஆளைக் கோபப்படுத்திப் பக்கத்துக் கிளைக்கு விரட்டுகிறது என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடையாறில் ஒருவர் நேற்று அதைச் செய்திருப்பார். மயிலாப்பூரில் இருப்பவருக்கு அது இன்று வேண்டும். இரண்டு பேரும் வேறு வேறு வங்கி, ஒருவரையொருவர் தெரியாது. நாடு முழுவதும் தொடர்பு வலைப்பின்னல் பற்றிப் பேசுகிற நீங்கள், ஒரே பஸ்ஸில் போகிற இந்த இரண்டு பேரையும் சந்திக்க வைக்கவில்லை.

இன்னொரு சங்கடமும் அந்த ஊழியருக்கு உண்டு. பணம் வாடிக்கையாளருடையது. தாமதித்தால் "என் பணத்தை எனக்கே தர மறுக்கிறார்கள்" என்று ஆம்புட்ஸ்மேனுக்குப் புகார் போகும். சந்தேகம் தப்பாகிவிட்டால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அனுப்பிவிட்டாலோ யாரும் கேட்கப் போவதில்லை. படிவத்தில் கையெழுத்து சரியாக இருக்கிறது. நிலைமை இப்படி இருக்கும்போது விழிப்பாக இரு என்று சுவரொட்டி ஒட்டுவதில் என்ன பயன்? ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கும் அதிகாரத்தையும், நல்லெண்ணத்தில் நிறுத்தியவருக்குப் பாதுகாப்பையும் எழுத்தில் கொடுங்கள். தலைமை அலுவலகங்களை அதற்கு ஒத்துக்கொள்ள வைக்க உங்களால்தான் முடியும். ரிசர்வ் வங்கி 2024 ஜூலையில் வெளியிட்ட மோசடி இடர் மேலாண்மை வழிகாட்டுதல்கள் முன்னெச்சரிக்கை அறிகுறிகளைப் பற்றி நிறையப் பேசுகின்றன. எஃப்டியை உடைக்கும்போது ஒரு கிழவரின் கை நடுங்குவதைவிடப் பெரிய முன்னெச்சரிக்கை என்ன இருக்கிறது?

இனி எங்கள் பேட்டையின் புண்ணுக்கு வருகிறேன். மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி 1872-ல் தொடங்கியது. தாத்தா போட்டார், அப்பா போட்டார், நாமும் போடுவோம் என்று மூன்று நாலு தலைமுறை பணம் போட்ட இடம். வட்டி தாமதமானது, முதிர்ந்த பணம் வரவில்லை, கொடுத்த காசோலைகள் திரும்பின. 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் தேவநாதன் யாதவைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. முதலீட்டாளர்களின் 500 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியிருப்பதாகச் செய்தி. வழக்கு இருக்கிறது, குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் உங்களைக் கேட்பது வேறு. அந்த மாட வீதியைச் சுற்றி எத்தனை வங்கிக் கிளைகள், எத்தனை ஆடிட்டர் அலுவலகங்கள்! மோசடியை மோப்பம் பிடிக்கச் சான்றிதழ் பெற்றவர்கள் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் நடந்தார்கள். ஆனால் புகாரோடு போய் நின்றவர்கள் ஓய்வூதியர்கள்.

உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பது தெரியும். இந்து நிரந்தர நிதி போன்ற ‘நிதி’ நிறுவனங்கள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பொறுப்பு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு. வங்கிகளைப் போல ரிசர்வ் வங்கி அவற்றை நேரடியாகக் கண்காணிப்பதில்லை. பணம் போன பிறகு வருவது 1997-ல் தமிழ்நாடு கொண்டுவந்த முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும், அதை அமல்படுத்துகிற பொருளாதாரக் குற்றப்பிரிவும். மூன்று வீட்டுக்குப் பொதுவான சுவரை யாரும் வெள்ளையடிக்க மாட்டார்கள். இந்த நிலையில் நிதி நிறுவன ஊழியர்களை உங்கள் பயிற்சிக்குக் கூப்பிடாமல் விடுவது எவ்வளவு பெரிய ஓட்டை! தொண்ணூறுகளில் சென்னையில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்தன. பிறகு 2022-ல் ஆருத்ரா நிறுவனம்: மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி தருவதாகச் சொல்லி வசூலித்தது 2,438 கோடி ரூபாய் என்பது காவல் துறையின் கணக்கு. மாதத்துக்கு 30 சதவீதம்! அதைக் கேட்டதும் சிரிக்க வேண்டிய ஊர், எஃப்டியை உடைத்துக்கொண்டு ஓடியது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியாவது உங்கள் கிளைகளில் இருந்துதானே போயிருக்கும்?

பெரிய மனிதர்கள் விஷயத்திலும் இதே கதைதான். தி. நகரைப் பதிவு முகவரியாகக் கொண்ட கனிஷ்க் கோல்ட் நிறுவனத்துக்கு எஸ்பிஐ தலைமையில் 14 வங்கிகள் கடன் கொடுத்திருந்தன. 2018 ஜனவரியில் எஸ்பிஐ சிபிஐக்கு எழுதிய புகாரில் நின்ற தொகை 824 கோடி ரூபாய். கணக்குகளையும் இருப்பையும் மாற்றிக் காட்டியதாகக் குற்றச்சாட்டு. 2017 மார்ச்சில் எட்டு வங்கிகளுக்கு வட்டி நின்றது. அடுத்த மாதமே மீதி வங்கிகளுக்கும். கூட்டுக் கடன் என்றால் வங்கிகள் கூடித்தான் பேசும். ஆனால் கடன் வாங்கியவர் கொடுத்த அதே இருப்புப் பட்டியலைப் பதினாலு பேர் பார்த்தால் அது பதினாலு சரிபார்ப்பு ஆகுமா? 2016 முதல் ரிசர்வ் வங்கியின் மத்திய மோசடிப் பதிவேடு இருக்கிறதே என்பீர்கள். மோசடி என்று ஒரு வங்கி முடிவு கட்டிய பிறகுதான் அதில் பெயர் ஏறும். அதற்கு முந்தைய காலத்தில், "அந்தக் கடையில் ஏதோ சரியில்லையே" என்று ஒரு அலுவலர் மனசுக்குள் நினைக்கிற காலத்தில், அவர் வாய்விட்டுப் பேச ஓர் இடம் கிடையாது.

எதிர்முகாமைப் பாருங்கள். 2022-ல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைபட்டு, மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கிய தமிழ் இளைஞர்கள் என்ன சொன்னார்கள்? இணையத்தில் ஆட்களை ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்ய வைத்தார்கள் என்றார்கள். அந்த மாதிரி முகாம்களில் ஷிஃப்ட் உண்டு, மேற்பார்வையாளர் உண்டு, இலக்கு உண்டு, பேச வேண்டிய வசனம் எழுதித் தரப்படும். எந்த வசனத்துக்கு ஆள் மடிகிறான் என்று தெரிந்துகொண்டு அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். உங்களைவிட ஒழுங்கான பயிற்சி அங்கே நடக்கிறது! திரும்பி வந்த அந்தப் பையன்களில் யாரையாவது ஒரு முறை கூப்பிட்டுப் பேச வைத்திருக்கிறீர்களா? முகத்தை மறைத்துக்கொண்டு வேண்டுமானாலும் பேசட்டும், பேச்சாளருக்குரிய சன்மானமும் கொடுங்கள். எந்த வசனத்துக்கு நாம் விழுகிறோம் என்று அவர்கள் சொல்வதில், பத்து கருத்தரங்கில் கிடைக்காதது கிடைக்கும். கிரெஸ்ஸி சிறைக்குப் போனார்; உங்களுக்கு அவ்வளவு தூரம் அலைச்சல்கூட இல்லை.

"வாடிக்கையாளர் ரகசியம் என்று ஒன்று இருக்கிறதே" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நியாயம்தான். யார் பெயரையும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். கணக்கு எண் வேண்டாம், கடைப் பெயர் வேண்டாம். கடன் வாங்கியவரின் விளக்கத்தைக் கேட்காமல் அவரை மோசடிக்காரர் என்று முத்திரை குத்தக் கூடாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. காபி குடிக்கிற இடத்தில் யார் தலையையும் உருட்ட வேண்டியதில்லை. போனில் என்ன சொன்னான், கவுண்ட்டரில் அவர் என்ன பதில் சொன்னார், என்ன கேட்டதும் உடைந்து அழுதார், 1930-க்குப் போன் போட்ட பிறகு பணம் எத்தனை கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது, அதில் எது கூலிக்கு விட்ட கணக்கு என்பது எதைப் பார்த்துப் புரிந்தது. இவ்வளவு போதும். இதில் எந்த ரகசியமும் உடையாது. உடைவது ஒன்று இருந்தால், எங்கள் கிளையில் இப்படி நடக்கவே இல்லை என்று எல்லோரும் சாதிக்கிற கௌரவம்தான். அது உடையட்டும்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1906 அக்டோபர் 22-ல் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியபோது, வெள்ளைக்காரன் வங்கி என்று நம்பிப் பணம் போட்ட மதராஸ் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் பக்கம் நின்றார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஐயர் அதோடு விடவில்லை. ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேசினார். 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. (அதே வங்கி தொண்ணூறுகளின் நடுவில் வாராக் கடனில் மூழ்கி, ஒரே ஆண்டில் 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியதையும் சொல்லத்தான் வேண்டும், விழிப்பு பரம்பரைச் சொத்தாக வருவதில்லை.) அந்தக் காலத்து மயிலாப்பூர் வக்கீல்களுக்கு நிபுணத்துவமும் இருந்தது, ஒருவர் வீட்டுத் திண்ணையில் இன்னொருவர் போய் உட்காரும் பழக்கமும் இருந்தது. உங்களுக்கு முதலாவது நிறையவே இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. மாதம் ஒரு நாள், கவுண்ட்டர் மூடிய பிறகு, மாலை நாலரை மணிக்கு, எந்த வங்கிக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் கூடுங்கள். கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று தொடங்கிய ரானடே நூலகம் லஸ்ஸில் இன்னும் இருக்கிறது. அங்கே முடியாவிட்டால், டிசம்பர் சீசன் தவிர மற்ற மாதங்களில் சபா அரங்குகளில் இடம் கேட்டுப் பார்க்கலாம். ஸ்பான்சர் வேண்டாம், பேனர் வேண்டாம். ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு கவுண்ட்டர் ஊழியர் கட்டாயம் வரட்டும். விடுமுறை நாளில் வரச் சொல்லாமல், அதை வேலை நேரமாகக் கணக்கு வையுங்கள். நிதி நிறுவனத்தாரையும் தபால் ஆபீஸ்காரர்களையும் கூப்பிடுங்கள். தி. நகர் ஆடிட்டர் அலுவலகங்களில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிற பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். இருப்பு எடுக்கக் கிடங்குக்கு உள்ளே போவது பெரும்பாலும் அவர்கள்தான். அசோக் நகரிலிருந்து சைபர் கிரைம் பிரிவுக்காரர் ஒருவர் வந்து, அந்த மாதம் புதிதாக வந்த வசனம் எது என்று சொன்னால் போதும். உரை ஆற்ற வேண்டாம். தமிழில் பேசுங்கள். சான்றிதழ் நிறுவனங்களிடம் இந்த மாலைகளையும் தொடர்கல்வி மணி நேரமாக ஏற்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்காவிட்டாலும் வாருங்கள்.

முதல் கூட்டம் அக்டோபரில் நடக்க வேண்டும். காரணம் சொல்கிறேன். நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றுக்காக உங்கள் கிளைகளுக்கு வருவார்கள். உலக மோசடி விழிப்புணர்வு வாரம் என்று நீங்கள் கொண்டாடுவதும் அதே நவம்பரில்தான். மோசடிக்காரன் தேடுகிற அத்தனை பேரும் தாமாகவே உங்கள் முன்னால் வந்து நிற்கிற மாதம் அது. கைரேகை வாங்குகிற அந்த இரண்டு நிமிஷத்தில் அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும், எந்தச் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும், வீட்டில் யாருடைய எண்ணைக் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும் என்று அக்டோபரிலேயே கூடிப் பேசி முடிவெடுங்கள். மூன்று பேட்டையிலும் எல்லா வங்கிகளும் ஒரே சீட்டைக் கொடுக்கட்டும்.

நாற்காலி போட, காபி வாங்க, ஏமாந்துபோய் வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வர எங்கள் தெருக்காரர்கள் தயாராக இருக்கிறோம். தேதியை நீங்கள் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மயிலாப்பூர் வாசி ஒருவர்